பாய் விரிக்கிற அளவு

ட்ரோன்காரனைக் கூப்பிடலாம் என்று முதலில் வாயைத் திறந்தது வரலட்சுமிதான். குப்பத்தில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். அவளைக் கேட்டாலும் அதையேதான் சொல்வாள். செய்ததை மறைக்கிற ஆள் இல்லை அவள்.

மணல்மேட்டுக்குப்பம் புதுச்சேரி ஊரை ஒட்டியே கிடக்கிறது. ஒரு பக்கம் வீடுகள், ஒரு பக்கம் கடல், நடுவில் நீளமாக ஒரு மணல். அந்த மணலுக்குப் பரப்பு என்று பெயர். மீனைப் பரப்புகிற இடம், அதனால் பரப்பு. ஃபைபர் படகுகளை ஏற்றி வைப்பது அங்கே. வலையை விரித்துக் கிழிசல் தைப்பது அங்கே. பெண்கள் பழைய வலையின் மேல் நெத்திலியும் காரப்பொடி மீனும் காயப்போடுவதும், கொடி கட்டி வாளைமீனைத் தொங்கவிடுவதும் அங்கேதான். பட்டா, பத்திரம் எதுவும் கிடையாது. யார் இடம் எது என்று மாமியார் சொல்லி மருமகளுக்குத் தெரியும். வரலட்சுமியின் இடம் கங்கையம்மன் கோயிலுக்கு நேர் எதிரே. அங்கே காய்ந்த கருவாட்டைத்தான் அவள் பெரிய மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறாள். புருஷன் நாகராஜ் கடலிலிருந்து கொண்டுவருவது டீசலுக்கும் வலைக்கும் சரியாகப் போய்விடும். வீட்டில் அடுப்பு எரிவதும், மகள் சங்கவி லாஸ்பேட்டைக்குக் காலேஜ் போய் வருவதும் கருவாட்டினால்தான். பரப்பு போனால் இரண்டும் போச்சு.

இந்தப் பரப்பை அரசாங்க ஆபீஸ் ஒன்று தன் திட்டத்தில் உபயோகத்தில் இல்லாத காலி இடம் என்று எழுதிவிட்டது. சனி ஞாயிறானால் பெங்களூரிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் காராக வருகிறார்களே, அவர்கள் வண்டி நிறுத்த இடம் வேண்டுமாம். கூடவே நாலு கடை, ஒரு ஐஸ்கிரீம் பங்க், நின்று செல்ஃபி எடுத்துக்கொள்ள ஒரு மேடை. இடத்தைப் பார்வையிட வந்த அதிகாரி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டு இந்தப் பக்கம் ஒரு பார்வை, அந்தப் பக்கம் ஒரு பார்வை, வண்டி திரும்பிவிட்டது. மூக்குக்குத் தெரிந்தது அந்த மனுஷனின் கண்ணுக்குத் தெரியாமல் போனதுதான் வேடிக்கை.

ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவர் இருசப்பன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போனார். வரலட்சுமியும் சங்கவியும் கூடவே போனார்கள். சங்கவி தன் போனில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினாள். படகு, வலை, கருவாடு, எல்லாம் இருந்தது.

ஜீப்பில் வந்த அதே அதிகாரி போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "இது எந்தக் கடற்கரைன்னு நான் எப்படிம்மா நம்புறது? நாளைக்கு இன்னொருத்தர் கேப்பாரு, நான் பதில் சொல்லணும். மேல இருந்து எடுத்து, எங்க மேப்போட பொருத்திப் பாக்குற மாதிரி, அளவோட குடுங்க. ஆட்சேபணை இருக்கறவங்களுக்கு ஒரு விசாரணை வெச்சிருக்கோம், அதுக்கு முன்னாடி குடுத்தா சேத்துக்குறேன்."

கெட்ட ஆள் என்று சொல்ல முடியாது. கேட்டதுகூட நியாயமாகத்தான் பட்டது. அதுதான் ஆபத்து.

அன்று மாலை வலைக்கூடத்தில் ஊர் கூடியது. ஆண்கள் வக்கீல் பெயர்களாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு வக்கீல், ஒவ்வொரு வக்கீலுக்கும் ஒரு குறை. வரலட்சுமி பின்வரிசையிலிருந்து எழுந்தாள்.

"மாமா, அவரு கேக்குறது மேல இருந்து எடுத்த படம். அதுக்கு வக்கீலு எதுக்கு? ட்ரோன் வெச்சிருக்கறவனக் கூப்புடுவோம்."

இருசப்பன் அவளைப் பார்த்தார். "ட்ரோனா? உனக்கு எங்க தெரியும் அது?"

அவளுக்குத் தெரிந்திருந்தது. நெல்லித்தோப்பு கமலா அவளுடைய பழைய வாடிக்கை. மார்க்கெட்டுக்கு வந்தால் வரலட்சுமியிடம்தான் வாங்குவாள். மகள் கல்யாணத்துக்கு அழைத்திருந்தாள், வரலட்சுமியும் புதுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தாள். மண்டபத்துக்கு மேலே வண்டு மாதிரி ரீங்காரம் போட்டுக்கொண்டு அது சுற்றியது. சுற்றுவதற்கு முன்னால் போட்டோக்காரன் ஓடிவந்து, "யாருங்க இது, செருப்பையெல்லாம் எடுங்க, படத்துல வருது!" என்று கத்தினான். வரலட்சுமிதான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வாசலில் கிடந்த செருப்புகளை அள்ளி மறைத்தாள். அப்புறம் படத்தைப் பார்த்தால் வாசல் கோலமும் பந்தலும் பூத்தொட்டிகளும் அப்படி ஒரு அழகு. ஒரு செருப்புகூட இல்லை. அந்தப் படம் அவள் மனதில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

"வரலட்சுமி இனிமே ஆகாசத்துல கருவாடு காயப்போடப் போவுது!" என்று ஒருவன் சொல்ல, கூடம் சிரித்தது. அவளும் சிரித்தாள். ஆனால் விடவில்லை. "சிரிங்க, நல்லா சிரிங்க. வக்கீலு வாய்தா வாங்கி முடிக்கறதுக்குள்ள அங்க காரு நிக்கும். அப்பவும் இதே மாதிரி சிரிப்பீங்களா?" என்று கேட்டாள். கூடம் அடங்கியது. ஊர்க்காசில் ட்ரோன் எடுப்பது என்று முடிவாயிற்று.

கமலா கொடுத்த நம்பர்காரன் பெயர் சரத்குமார். லாஸ்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அவனுடைய ஆபீஸ். வில்லியனூர் தாண்டி ஒரு ஊரில் அப்பாவுக்குக் கரும்பு இருக்கிறது. பையன் படித்துவிட்டு ட்ரோன் ஓட்ட லைசென்ஸ் எடுத்து, கல்யாணத்துக்கும், மனை போடுகிறவர்களுக்கு லேஅவுட் படம் எடுக்கவும் போய்க்கொண்டிருந்தான். வரலட்சுமியும் சங்கவியும் மார்க்கெட்டிலிருந்து நேராக அங்கே போனார்கள். ஏசி அறை. உட்கார்ந்து பேச ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவன் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவைத்தான். மரியாதையான பையன், முகத்தைச் சுளிக்கவில்லை. ஜன்னலைத்தான் திறந்தான். வரலட்சுமி கையைப் புடவைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இந்த நாற்றம் அவளுக்குப் புதிதா என்ன? பஸ்ஸில் கண்டக்டர், "கூடையைத் தூக்கிக்கினு பின்னாடி போம்மா" என்பான். மார்க்கெட்டில் கருவாடு வாங்க வருகிறவர்களே மூக்கைப் பிடித்துக்கொண்டு விலை கேட்பார்கள். வாங்கித் தின்பதற்கு மட்டும் கூசாது. சங்கவி காலேஜுக்குக் கிளம்பும்போது துப்பட்டாவை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாசலைத் தாண்டுவாள். வரலட்சுமி அதைப் பார்த்தும் பாராத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள்.

"எடத்தை மொத்தமா அளந்து மேப் போட்டுக் குடுக்கணும், அதானேம்மா?" என்றான் சரத்குமார். "பண்ணிடலாம். ஒரே விஷயம், ஏர்போர்ட் கிட்டக்க இருக்குறதால நெனச்ச நேரத்துல பறக்க விட மாட்டாங்க. பர்மிஷன் ஒரு நாள் காலையிலதான் கெடைக்கும். அத விட்டா மறுபடி எப்போன்னு சொல்ல முடியாது."

"விட மாட்டோம் தம்பி. நாங்க என்னா பண்ணணும், சொல்லு."

அவன் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொன்னான். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். நான் வரும்போது கிரவுண்ட் க்ளியரா இருக்கணும். குறுக்க யாரும் வரக்கூடாது. அவ்ளோதான்."

அந்த ஒரு வார்த்தையை வரலட்சுமி பத்திரமாக வாங்கி முடிந்துகொண்டாள். கிரவுண்ட் க்ளியரா இருக்கணும். வெளியே வந்து படி இறங்கும்போது மகளிடம், "க்ளியர்னா சுத்தமாத்தானே?" என்று கேட்டாள். "ஆமாம்மா, காலியா, சுத்தமா" என்றாள் சங்கவி. படித்த பெண்ணும் அதைத்தான் சொன்னாள்.

குப்பத்துக்கு வந்து அவள் சொன்னது இதுதான்: "மாசி மகத்துக்குச் சாமி வர்ற மாதிரி நெனச்சிக்குங்க."

அதற்கு மேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மாசி மகத்தன்று சுற்றுப்பட்டு ஊர்ச் சாமிகளெல்லாம் தீர்த்தவாரிக்குக் கடலுக்கு வரும். அதற்கு முந்தின நாள் குப்பமே இடுப்பில் துணியை வரிந்து கட்டிக்கொண்டு கடற்கரையைக் கூட்டும். சாமி வருகிற மணலில் ஒரு மீன் செதில் கிடக்கக்கூடாது. படகை ஒதுக்கி, வலையைச் சுருட்டி, கருவாட்டை அள்ளி, தண்ணீர் தெளித்து வைப்பார்கள். விருந்தாளி வந்தால் வீட்டில் அழுக்குத்துணியை ஒளித்து வைப்பதில்லையா, அப்படி. இப்போது வரப்போவது சாமி இல்லை, அதிகாரியின் கண். அது சாமியைவிடக் கொஞ்சம் பெரிசு.

குறித்த நாளுக்கு முந்தின நாள் மத்தியானமே வேலை தொடங்கியது. நாகராஜும் மற்றவர்களும் படகுகளைத் தெற்கே கல் கொட்டியிருக்கும் இடத்துக்கு அப்பால் தள்ளிக்கொண்டு போனார்கள். கொடிக்கம்புகளைப் பிடுங்கினார்கள். உப்புத் தொட்டிகளைக் கோயிலுக்குப் பின்னால் உருட்டினார்கள். வலைகள் கூடத்துக்குள் போயின. பெண்கள் வரிசையாக நின்று கூட்டினார்கள். ஒருத்திக்கு மட்டும் இஷ்டமில்லை. பக்கத்து இடத்துக்காரி செல்வாம்பாள்.

"நேத்துதாண்டி நெத்திலி போட்டேன். இன்னிக்கும் நாளைக்கும் வெயிலு பட்டா காஞ்சிடும். அதுபாட்டுக்கு ஒரு ஓரமாக் கெடக்கட்டுமே" என்றாள்.

"எல்லாரும் எடுத்தாச்சி, உன்னுது மட்டும் கெடந்தா நல்லாவா இருக்கும்?"

"கெடந்தா என்னாடி? கருவாடுதானே? பொணமா?"

"படத்துல நாறும்" என்றாள் வரலட்சுமி. சொன்ன பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். செல்வாம்பாள் சிரிக்கவில்லை. பாதி காய்ந்த நெத்திலியை அன்னக்கூடையில் அள்ளிக்கொண்டு போய்விட்டாள். அள்ளிக் குவித்தால் அது புழுங்கிப் புழு வைத்துவிடும் என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

மறுநாள் காலையில் பரப்பைப் பார்த்த வரலட்சுமிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வழித்துவிட்ட மாதிரி இருந்தது மணல். துடைப்பக் கோடுகூட ஒழுங்காக ஒரே பக்கமாக ஓடியது. பிள்ளைகளுக்கு ஸ்கூல் யூனிபார்மை இஸ்திரி போட்டு மாட்டிக் கோயில் பக்கம் நிறுத்தியிருந்தார்கள். கருவாடு இல்லாததால் காக்காய்கூட அன்று வரவில்லை.

சரத்குமார் காரிலிருந்து பெட்டியை இறக்கினான். மணலில் ஒரு மூலையில் பாய் ஒன்றை விரித்து அதன் மேல் ட்ரோனை வைத்தான். வானத்தை அண்ணாந்து பார்த்தான். "பீச்சுன்னா பருந்து வந்து கொத்தும்னு பயந்துக்கிட்டே வந்தேன். ஒண்ணையும் காணோமே. சூப்பர்மா" என்றான்.

அது எழும்பியது. ரீங்காரம் போட்டுக்கொண்டு பரப்பின் மேல் ஏர் உழுகிற மாதிரி போய்ப் போய்த் திரும்பியது. எல்லாரும் கோயில் பக்கம் ஒதுங்கி நின்றார்கள். அப்போதுதான் வரலட்சுமியின் கண்ணில் ஒன்று பட்டது. அவளுடைய இடத்திலேயே, கோயிலுக்கு நேர் எதிரே, ஒரு பிடி செதில் வெயிலில் மின்னிக்கொண்டு கிடந்தது. அவளுக்குப் பொறுக்குமா? துடைப்பத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். "யம்மா, குறுக்க வராதீங்க!" என்று சரத்குமார் கத்துவதற்குள் கூட்டி அள்ளிவிட்டாள். தலைக்கு மேலே அது கடந்து போனபோது துடைப்பமும் கையுமாக அண்ணாந்து பார்த்தாள்.

இறக்கிய பிறகு அவன் திரையைக் காட்டினான். "பாருங்கம்மா. எவ்ளோ க்ளீனா வந்திருக்கு." நீலக் கடல், வெள்ளை நுரை, அதை ஒட்டிப் பால் மாதிரி மணல். இது நம்ம ஊரா என்று இருந்தது அவளுக்கு. நாற்றக் குப்பம், நாற்றக் குப்பம் என்று பேர் வாங்கிய ஊர். வரலட்சுமி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு, மகள் பிறந்ததற்குப் பிறகு அன்றைக்குத்தான்.

விசாரணைக்கு முன்னால் போய்ச் சேர வேண்டும் என்பதால் மேப்பை ஆபீசுக்கு நேராக அனுப்பிவிடச் சொல்லியிருந்தார்கள். சரத்குமார் சொன்ன தேதிக்குச் சொன்னபடி அனுப்பினான். குப்பத்துக்குப் பெரிதாகப் பிரிண்ட் போட்ட ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். அதை வலைக்கூடத்துச் சுவரில் ஒட்டினார்கள். தன் வீட்டுக் கூரையை அவரவர் தேடினார்கள். "தோ பாரு என் மாடி", "தோ பாரு கோயிலு" என்று ஒரே ஆரவாரம். இருசப்பன் வரலட்சுமியின் முதுகில் தட்டி, "கெட்டிக்காரிம்மா நீ" என்றார்.

செல்வாம்பாள் கடைசியாக வந்தாள். நெத்திலி போன கோபம் இன்னும் ஆறவில்லை. படத்துக்கு முன்னால் நின்று மேலும் கீழும் பார்த்தாள். விரலால் மணலைத் தடவிக்கொண்டே போனாள்.

"எல்லாம் சரிடி வரலட்சுமி. இதுல நாம எங்க?"

யாரோ சிரிக்க ஆரம்பித்து நிறுத்தினார்கள். வரலட்சுமி படத்தைப் பார்த்தாள். வேறு எவரும் எதுவும் சொல்லத் தேவையிருக்கவில்லை. படகு இல்லை. வலை இல்லை. கொடி இல்லை, தொட்டி இல்லை, ஒரு மீன் இல்லை. அதிகாரி எதை எழுதியிருந்தாரோ அதை ஊர்க்காசு கொடுத்துப் படம் பிடித்து, அளவோடு, ஊரே சேர்ந்து அவர் கையில் கொடுத்திருந்தது. வரலட்சுமி செருப்பைக்கூட மாட்டாமல் பஸ்ஸுக்கு ஓடினாள்.

லாஸ்பேட்டை மாடிப்படியை எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது. இந்தத் தடவை அவனுக்கு ஜன்னலைத் திறக்கக்கூட அவள் நேரம் கொடுக்கவில்லை.

"தம்பி, மறுபடி எடுக்கணும். இன்னிக்கே எடுக்கணும்."

விஷயத்தைக் கேட்டதும் சரத்குமாரின் முகம் செத்துவிட்டது. "யம்மா, எடத்தோட மேப்னுதானே கேட்டீங்க? படகும் கருவாடும் தெரியணும்னு யாருமே சொல்லலியே. மனை போடுறவங்க முள்ளையெல்லாம் வெட்டி, சுத்தம் பண்ணிட்டுத்தான் என்னைக் கூப்புடுவாங்க. நீங்களும் அப்படித்தான் எடத்தைக் காட்டுறீங்கன்னு நெனச்சேன்."

"நீதானேய்யா சொன்ன? கிரவுண்ட் க்ளியரா இருக்கணும்னு?"

அவன் கம்ப்யூட்டரிலிருந்து கையை எடுத்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். "அது ட்ரோன் எழும்புற எடம்மா. மணல் பறந்து மோட்டார்ல பூந்துடக்கூடாதுன்னு சொன்னேன். ஒரு பாய் விரிக்கிற அளவு எடம் போதும் எனக்கு."

ஒரு பாய் விரிக்கிற அளவு. அவர்கள் ஒரு ஊரையே ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

அவன் அங்கேயே போனை எடுத்துப் பர்மிஷனுக்கு முயற்சி செய்தான். ஒருவர் இன்னொருவரைக் கேட்கச் சொன்னார், அவர் எழுதிக் கொடுக்கச் சொன்னார். விசாரணைக்குள் கிடைக்காது என்பது கடைசியில் உறுதியாயிற்று. வரலட்சுமி கம்ப்யூட்டரைக் கையால் காட்டினாள். "இதுலயே படகை வெக்க முடியாதா? கல்யாணப் படத்துல ஆளுங்கள நகத்தி வெக்கிறீங்களே."

"வெக்கலாம்மா. ஆனா எடுத்த தேதி, நேரம் எல்லாம் உள்ள இருக்கு. கண்டுபுடிச்சாங்கன்னா என் லைசென்ஸ் போவும், அது போவட்டும். உங்க ஊரையே பொய்க்காரங்கன்னு சொல்லிடுவாங்க. நான் விசாரணைக்கு வரேன். நடந்ததை நடந்தபடி சொல்றேன்."

சொன்னபடி வந்தான். அதில் அவனைக் குறை சொல்ல முடியாது.

விசாரணை அந்தக் காலத்துப் பிரெஞ்சுக்காரன் கட்டிய கட்டடத்தில், ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு கதவு போட்ட ஒரு ஹாலில் நடந்தது. குப்பத்து ஆட்கள் குளித்து, வெள்ளை உடுத்து வந்திருந்தார்கள். சுவரில் படத்தைப் போட்டுக் காட்டினார்கள். துடைப்பக் கோடுகள்கூட அவ்வளவு பெரிதாகத் தெரிந்தன.

"நீங்க குடுத்த படம்தானே இது?" என்று அதிகாரி கேட்டார்.

"ஆமா சார்" என்றார் இருசப்பன். "ஆனா அன்னிக்கு எல்லாத்தையும் எடுத்து வெச்சிட்டோம் சார்."

"எதுக்கு எடுத்து வெச்சீங்க?"

இருசப்பன் திரும்பி வரலட்சுமியைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். அவள் எழுந்து நின்றாள். பேசப் பழகிய வாய்தான், மார்க்கெட்டில் பத்து பேரை ஒரே நேரத்தில் சமாளிக்கிற வாய். அன்றைக்கு அதிலிருந்து உள்ளது அப்படியே வந்துவிட்டது.

"நீங்க பாக்கப்போறீங்கன்னு கூட்டினோம் சார். அழுக்கா இருக்குன்னு, நாத்தம்னு சொல்லிடுவீங்கன்னு."

சரத்குமார் எழுந்து தான் சொன்ன வார்த்தையையும் அவர்கள் புரிந்துகொண்டதையும் சொன்னான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். குரலை உயர்த்தவே இல்லை. "தம்பி, நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்த மேப் இது. இதை நான் நம்பக்கூடாதுன்னு நீங்களே சொன்னா எப்படி?" என்றார். பிறகு வரலட்சுமியைப் பார்த்தார். "ஒரு விஷயம் சொல்றேன்மா, தப்பா நெனைக்காதீங்க. ஒரே நாள்ல இவ்ளோத்தையும் எடுத்து வேற எடத்துல வெக்க முடிஞ்சிருக்கு இல்லையா? அப்போ வேற எடத்துலயே வெச்சுக்கலாமே?"

இதற்குப் பதில் இருந்தது. மாசி மகத்துக்குச் சாமி வந்து போன மறுநாள் எல்லாம் பழையபடி திரும்பிவிடும், ஒரு நாள் பட்டினி கிடப்பதும் பட்டினியாகவே கிடப்பதும் ஒன்றா என்று கேட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்த பிறகு வரலட்சுமிக்கு எல்லாப் பதிலும் வரிசையாக வந்தது. அங்கே ஒன்றும் வரவில்லை.

யாரோ படத்தைப் பெரிசாக்கினார்கள். கோயிலுக்கு எதிரே மணலில் ஒரு புள்ளி உருண்டு திரண்டு ஓர் ஆளாயிற்று. கையில் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது.

"இது யாரு? முனிசிபாலிட்டியில கூட்டுறவங்களா?"

"நான்தான் சார்" என்றாள் வரலட்சுமி.

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். குப்பத்து ஆட்கள் இல்லை.

ஆர்டர் வந்தது. அடுத்த மாதமே சிமெண்டுக் கம்பம் நட்டு வேலி போட்டார்கள். வீட்டு ஓட்டின் மேல் மீன் காயப்போட்டுப் பார்த்தார்கள், காக்காய் தூக்கியது. ரோட்டோரம் போட்டார்கள், வண்டி ஏறியது, புகாரும் வந்தது. நாகராஜ் தினமும் கல்லுக்கு அப்பாலிருந்து வலையைத் தோளில் சுமந்து வருகிறான். வரலட்சுமி கொஞ்ச நாள் கடலூரிலிருந்து கருவாடு வாங்கி விற்றுப் பார்த்தாள். மொத்தக்காரனுக்குக் கொடுத்தது போக அவளுக்கு மிஞ்சியது பஸ் சார்ஜுதான். மார்க்கெட்டில் அவள் உட்கார்ந்த இடத்தில் இப்போது பூண்டு விற்கிறார்கள்.

ஊரில் யாரும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. எதிரே வந்தால் "சாப்பிட்டியா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள். செல்வாம்பாள் அதையும் கேட்பதில்லை. வீட்டில் சங்கவிக்குக் கடைசி வருஷம். இப்போதெல்லாம் அவள் துப்பட்டாவை முகர்ந்து பார்ப்பதில்லை. முகர்வதற்கு வீட்டில் எதுவும் இல்லை. அது வரலட்சுமிக்குத்தான் தாங்கவில்லை. ஒரு நாள் மகள் போன பிறகு உட்கார்ந்து அழுதாள்.

கார் நிறுத்துமிடம் திறந்தபோது, கூட்டிச் சுத்தம் செய்ய ஆள் வேண்டும், ஊர்ப் பெண்களுக்கே முன்னுரிமை என்று காண்ட்ராக்ட்காரர்கள் சொல்லி அனுப்பினார்கள். செத்தாலும் போகமாட்டேன் என்றுதான் வரலட்சுமி சொன்னாள். பரீட்சைக்குப் பணம் கட்ட வேண்டிய வாரத்தில் போய்ப் பெயரைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

முதல் நாள் காலையில் பச்சைக் கோட்டு ஒன்றைக் கொடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள். வாசலில் பெரிய பலகை வைத்திருந்தார்கள். நீலக் கடல், வெள்ளை நுரை, பால் மாதிரி மணல். சரத்குமார் எடுத்த அதே படம்தான், எங்கிருந்து எடுத்தார்களோ. கோயிலுக்கு எதிரே அந்தப் புள்ளியும் இருந்தது. அது இன்னார் என்று தெரிந்தவர்கள் குப்பத்துக்காரர்கள் மட்டும்தான். பலகைக்கு அடியில் செல்வாம்பாள் அதே பச்சைக் கோட்டில், துடைப்பத்தை ஊன்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்தபடி நின்றாள்.

சூப்பர்வைசர் அருள்முருகன் சின்ன வயசுக்காரன், வெளியூர். வேலையை விளக்கினான். "வண்டிங்க வர்றதுக்கு முன்னாடி கிரவுண்ட் க்ளியரா இருக்கணும்மா. அவ்ளோதான்."

வரலட்சுமி இந்தத் தடவை கேட்டுவிட்டாள்.

"எவ்ளோ எடம் தம்பி? பாய் விரிக்கிற அளவா, மொத்தமுமா?"

அவனுக்கு விளங்கவில்லை. "என்னம்மா கேள்வி இது? மொத்தமும்தான்."

செல்வாம்பாள் சட்டென்று திரும்பி அவளைப் பார்த்தாள். ஊன்றியிருந்த துடைப்பத்தைக் கையில் எடுத்தாள். பிறகு, "வாடி, உன் எடத்துலேருந்து ஆரம்பிக்கலாம்" என்றாள்.

இரண்டு பேரும் கோயிலுக்கு எதிரே போய்க் குனிந்தார்கள்.